பழைய பம்பிங் ஸ்டேஷனுக்குப் பெரிய மோட்டார் போட்டால் மட்டும் போதுமா?

தென்கரை_மலர்

வணக்கம். பாதாள சாக்கடை வேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள், அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குள் ஒரு தெளிவு வேண்டும்.

எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு நகராட்சி. எங்கள் பக்கத்துக் கழிவுநீர் உந்து நிலையம் (எல்லோரும் பம்ப் ஹவுஸ் என்றுதான் சொல்வோம்) எண்பதுகளின் கடைசியில் கட்டியது. வட்டமான ஒரு கிணறு, ஒட்டினாற்போல மோட்டார் அறை, 50 எச்.பி. பம்ப் மூன்று. மூன்றில் ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்துப் பல வருடம் ஆகிறது. அங்கிருந்து 300 எம்.எம். வார்ப்பிரும்புக் குழாய் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் போய், சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் பெரிய லைனில் சேர்கிறது. கட்டிய காலத்தில் இந்தப் பகுதியில் இருந்தது 20,000 பேருக்கும் குறைவு. இன்றைக்கு 32,000 இருக்கும், வயலாக இருந்த இடமெல்லாம் அபார்ட்மென்ட்.

ஐப்பசி மழை ஆரம்பித்தால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடும், அது பழகிப்போன கதை. இப்போது கோடையிலேயே காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் தாழ்வான வீடுகளில் கழிவறை வழியாக எதிர்த்து வருகிறது. எங்கள் தெருக் கடைசி வீட்டில் ஒரு வயதான அம்மா, குளியலறைத் தரை ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்து அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார், அப்படியும் ஓரத்தில் கசிந்து வருகிறது. மழைக்காலத்தில் அந்த வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதற்கு நடுவில் அந்த 300 எம்.எம். குழாய் ஒரே தெருவில் மறுபடி மறுபடி வெடிக்கிறது, ஒட்டுப்போட்டு மண்ணை மூடிவிட்டுப் போகிறார்கள்.

போன பகுதி சபையில் சொன்ன பதில் இது: 50 எச்.பி.யை எடுத்துவிட்டு 75 எச்.பி. மூன்று வாங்குகிறோம், எலக்ட்ரிக் பேனல் புதுசு, கட்டடத்துக்குப் பெயின்ட், இதோடு எல்லாம் சரியாகிவிடும், குழாயை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெடிக்கிற குழாயில் இன்னும் வேகமாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பயப்படுவது சரியா? சரி என்றால் என்ன கேள்வி கேட்பது, எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது?

ஓய்வு_பொறியாளர்

அம்மா, உங்கள் பயம் சரி. இந்தத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பம்பை முதலில் வாங்கிவிட்டுக் குழாயைப் பிறகு பார்க்கிற திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பம்ப் இரண்டு எதிர்ப்புகளை ஜெயிக்க வேண்டும். ஒன்று உயரம்: கிணற்று நீர்மட்டத்துக்கும் தண்ணீர் போய் விழும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம், அது எப்போதும் ஒரே அளவு. இன்னொன்று குழாய்க்குள் ஏற்படும் உராய்வு, விஷயம் இருப்பது அங்கேதான். ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஆகும். அதுவும் பழைய வார்ப்பிரும்புக் குழாய் என்றால் உள்பக்கம் துருக் கட்டிகள் கிளம்பிச் சொரசொரவென்று இருக்கும். புதுக் குழாயில் 7 மீட்டர் இழக்கிற இடத்தில் முப்பத்தைந்து வருடப் பழசில் 16, 17 மீட்டர் சாதாரணமாக இழக்கும். நீங்கள் கூடுதலாகப் போடுகிற எச்.பி.யில் பெரும்பகுதி அந்தத் துருவோடு மல்லுக்கட்டவே போய்விடும், தண்ணீர் கொஞ்சம்தான் கூடும், கரண்ட் பில் நிறையக் கூடும்.

அடுத்தது வெடிப்பு. ஓட்டம் வேகமாக இருக்கும்போது கரண்ட் போனால் குழாய்க்குள் நகர்ந்துகொண்டிருந்த மொத்தத் தண்ணீரும் சட்டென்று நின்று திரும்பும். இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் திடீரென்று நின்றாலே 100 மீட்டர் அளவுக்கு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 10 கிலோ, அழுத்த அலை கிளம்பலாம். ஒட்டுப்போட்ட ஜாயின்ட் அங்கேதான் விடும். இந்தக் குழாயில் ஏர் வால்வுகள் (உள்ளே சேரும் காற்றை வெளியே விட்டு, வெற்றிடம் வரும்போது காற்றை உள்ளே விடுபவை) எங்கே இருக்கின்றன, அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று கேளுங்கள். பல ஊர்களில் ரோடு போடும்போது அவற்றின் மேலேயே தார் போட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது மூன்றாவது கேள்வி. மத்திய அரசின் 2013 கழிவுநீர்க் கையேட்டைத்தான் எல்லோரும் பின்பற்றுவார்கள். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்று வைத்தால் 108 லிட்டர். 32,000 பேருக்கு நாளைக்கு சுமார் 34.5 லட்சம் லிட்டர், சராசரியாக வினாடிக்கு 40 லிட்டர். ஆனால் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பதால் உச்ச நேரத்துக்கு இரண்டரை மடங்கு, அதாவது வினாடிக்கு 100 லிட்டர் வைக்க வேண்டும். உங்கள் காலை 6 முதல் 9 மணிக் கதை இதுதான். இந்தக் கணக்குக்குள் மழைநீர் கிடையாது. மழையில் பொங்குகிறது என்றால் மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்த வீடுகள் நிறைய இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய மண் குழாய்களின் ஜாயின்ட் வழியாக நிலத்தடி நீர் உள்ளே இறங்க வேண்டும். டெல்டாவில் இரண்டுமே இருக்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகும் தொட்டி கட்டிக் காட்டிவிட்டுக் குழாயைச் சாக்கடையிலேயே விட்ட வீடுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். மேன்ஹோலுக்குள் புகை விட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, எந்த வீட்டு மாடிக் குழாயில் புகை வருகிறதோ அந்த வீடு மாட்டிக்கொள்ளும். செலவு குறைவு, ஒரே காலையில் ஒரு தெருவை முடித்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பம்பிலிருந்து வெளியே போகும் குழாயில் பிரஷர் கேஜ் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். பம்ப் எல்லாம் நின்று குழாய் நிரம்பியிருக்கும்போது எவ்வளவு, ஒரு பம்ப் ஓடும்போது எவ்வளவு, இரண்டு ஓடும்போது எவ்வளவு. மூன்று எண்ணையும் கொண்டு வாருங்கள், மீதியை நான் போட்டுத் தருகிறேன்.

ஷிப்ட்காரன்

சார் சொன்னது சரிதான். நான் இன்னொரு ஊரில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர், உள்ளேயிருந்து பார்க்கிறவன் என்கிற முறையில் சில விஷயம் சொல்கிறேன் அக்கா.

கேஜ் பார்க்கும்போதே நான்-ரிட்டர்ன் வால்வையும் பாருங்கள். ஒரு பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு அதன் ஷாஃப்டைக் கவனியுங்கள். நின்ற பிறகு தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தால், வால்வு மூடவில்லை, மேலே ஏற்றிய தண்ணீர் நிற்கிற பம்ப் வழியாகக் கிணற்றுக்கே திரும்புகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எத்தனை எச்.பி. போட்டாலும் தண்ணீர் சுற்றிச் சுற்றித்தான் வரும். வால்வு நாக்கில் துணி மாட்டியிருக்கும், நாப்கின் மாட்டியிருக்கும், தேங்காய் நார் சுற்றியிருக்கும். இப்போது புதிதாகக் குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரத் துடைப்பான் வேறு. காகிதம் மாதிரித் தெரியும் ஆனால் கரையவே கரையாது, இம்பெல்லரில் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சுழலும் சக்கரம்) சுற்றிக் கயிறு மாதிரி இறுகிவிடும், கத்தி வைத்து அறுத்துத்தான் எடுப்போம். அதனால் புது பம்ப் வாங்கும்போதே கிணற்றுக்கு முன்னால் தானாக அள்ளுகிற சல்லடையும் கேளுங்கள். கையால் வாருகிற சல்லடை என்றால் ராத்திரி ஷிப்டில் ஒரே ஆள் இருக்கும்போது வாரமாட்டார்கள், உண்மையைச் சொல்கிறேன்.

கிணற்றின் அடியில் எவ்வளவு மணல் என்று யாராவது அளந்தார்களா? டெல்டா மண், முப்பது வருடத்தில் பாதிக் கிணறுகூட நிரம்பியிருக்கலாம். கிணறு சின்னதாகிவிட்டால் பம்ப் அடிக்கடி ஸ்டார்ட் ஆகும், நிற்கும், மோட்டார் காயில் எரிவது அதனால்தான். பெரிய பம்ப் போட்டால் இன்னும் சீக்கிரம் காலியாகும், இன்னும் அதிகமாக ஸ்டார்ட் ஆகும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த மணலை எடுக்க யாரையும் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. கழிவுநீர் தேங்கிய இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லையே என்று இறங்கினவன் திரும்ப மாட்டான். அவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து போவான். கையால் கழிவு அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அந்தப் பணம் யாருக்கு வேண்டும், ஆள் அல்லவா வேண்டும். மணலை உறிஞ்சு லாரி வைத்து மேலிருந்தே எடுக்கலாம். புது பம்ப் நீர்மூழ்கி வகை என்றால் வழிகாட்டிக் கம்பியும் தானாகப் பொருந்தும் அடித்தளமும் சேர்த்து டெண்டரில் எழுதச் சொல்லுங்கள். செயின் பிளாக்கில் மேலே தூக்கி அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்ப இறக்கினால் தானாக உட்கார்ந்துகொள்ளும், ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம். இதை மிச்சம் பிடித்த இடங்களில்தான் பம்ப் அடைத்தால் ஆளை இறக்குகிறார்கள்.

ஆலந்தூர்_பழையவன்

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, மக்கள் பக்கத்திலிருந்து ஒன்று. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990களின் இறுதியில், பாதாள சாக்கடைக்கு மக்களே முன்பணம் கட்டினோம். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000. வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே. குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின, நகராட்சியும் தெருக்கூட்டம் போட்டு விளக்கியது. பணம் கட்டினவன் சும்மா இருக்க மாட்டான் அல்லவா, எந்தத் தெருவில் எந்தக் குழாய், எவ்வளவு ஆழம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். 2011இல் நாங்கள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டோம், ஆனால் அப்போது அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதால்தான் வேலை ஒழுங்காக நடந்தது என்பது என் எண்ணம்.

காகிதம் பற்றிக் கேட்டீர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் "திட்டம் பற்றி விவரம் தருக" என்று பொதுவாக எழுதாதீர்கள், பொதுவாகவே பதில் வரும். விரிவான திட்ட அறிக்கையின் நகல், அதில் உந்துகுழாயின் (பம்பிலிருந்து போகும் அந்த 300 எம்.எம். குழாய்) ஹைட்ராலிக் கணக்குப் பக்கம், பம்பின் செயல்திறன் வளைகோடு (எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று காட்டும் வரைபடம்), கடைசியாக ஓட்டம் அளந்த பதிவேடு, மோட்டார் ஓடிய நேரம் எழுதும் லாக் புத்தகம், மின்கட்டண ரசீதுகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆவணங்களை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் இடம் உண்டு. லாக் புத்தகத்தை நேரில் புரட்டினால் நிறையத் தெரியும்.

தென்கரை_மலர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் கவுன்சிலரோடு பம்ப் ஹவுஸுக்கே போய் வந்தோம். கேஜ் முள் உடைந்து கிடந்தது, கவுன்சிலர் சொல்லிப் புதிது மாட்டினார்கள்.

பம்ப் நின்றபோது 1.2 கிலோ. ஒன்று ஓடும்போது 2.2. இரண்டும் ஓடும்போது 2.7. கேஜ் இருக்கிற இடத்திலிருந்து கிணற்று நீர்மட்டம் 6 மீட்டர் கீழே. ஷிப்ட்காரன் தம்பி சொன்ன வால்வு சரியாக மூடுகிறது, ஷாஃப்ட் திரும்பச் சுற்றவில்லை. ஆனால் ஆபரேட்டர் அண்ணன் தானாகவே ஒன்று சொன்னார்: இரண்டாவது பம்பைப் போட்டாலும் கிணறு இறங்குகிற வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, மேலே இருந்து போடச் சொல்வதால் போடுகிறோம் என்று. கூட வந்த ஜூனியர் இன்ஜினியர் இளம் பெண், அவரும் குழாயையும் சேர்த்து எழுதித்தான் அனுப்பியிருக்கிறார், நிதி இல்லை என்று அதை மட்டும் எடுத்துவிட்டார்களாம். பெரிய லைனில் போய்ச் சேர்கிற மேன்ஹோலையும் காட்டினார். மேல் பக்கக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. அது ஏன் சார்?

ஓய்வு_பொறியாளர்

அந்த ஜூனியர் இன்ஜினியருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், அவர் எழுதியதுதான் சரி. உங்கள் மூன்று எண்ணும் அதைத்தான் சொல்கின்றன.

1 கிலோ என்றால் சுமார் 10 மீட்டர். நின்றபோது 12 மீட்டர், ஒரு பம்பில் 22, ஆக உராய்வு 10 மீட்டர். இரண்டு பம்பில் 27, உராய்வு 15. உராய்வு ஒன்றரை மடங்கானால் ஓட்டம் ஏறியது கால் பங்கு மட்டுமே. என் கணக்கில் ஒரு பம்புக்கு வினாடிக்கு ஏறக்குறைய 57 லிட்டர், இரண்டும் சேர்ந்தால் 71. ஆபரேட்டர் கண்ணால் பார்த்துச் சொன்னது அப்படியே ஒத்துப்போகிறது. இரண்டாவது 50 எச்.பி. ஓடுவது 14 லிட்டருக்காக. உங்களுக்குத் தேவை 100.

இதே பழைய குழாயில் 100 லிட்டர் தள்ள வேண்டுமானால் உராய்வு மட்டும் 28 மீட்டர் ஆகும், பம்ப் நின்றபோது இருந்த 12 மீட்டரையும் கிணற்று ஆழம் 6 மீட்டரையும் சேர்த்தால் மொத்தம் 46 மீட்டர். 60 சதவீதத் திறனில் 100 எச்.பி. இழுக்கும், கேஜ் 4 கிலோவுக்குப் போகும். இப்போது 2.7க்கே வெடிக்கிற குழாய் அது. 350 எம்.எம். புதுக் குழாய் போட்டால் அதே 100 லிட்டருக்கு உராய்வு ஐந்தரை மீட்டர்தான், மொத்தம் இருபத்து மூன்றரை. தேவைப்படுவது எல்லாம் சேர்த்து 50 எச்.பி. சொச்சம். அதாவது 75 எச்.பி. பம்புகள் வேண்டவே வேண்டாம், சுமார் 30 எச்.பி.யில் இரண்டு ஓட ஒன்று மாற்றுக்கு இருந்தால் காலை நேரத்தைச் சமாளிக்கலாம். உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 35 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நிதி இல்லை என்று குழாயை எடுத்தவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பம்புக்குத் திட்டக் காலம் 15 வருடம் என்றுதான் கையேடே வைக்கிறது, குழாய்க்கு 30. தவறான குழாய்க்காக வாங்கிய பம்பைப் பிறகு சரியான குழாயில் மாட்டினால் அதுவும் ஒழுங்காக ஓடாது, அதிர்ந்து பேரிங் போகும்.

இது தோராயக் கணக்கு. கூட்டத்துக்கு முன் ஒரு முறை கிணறு இறங்கும் வேகத்தை அளந்து ஓட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கிணற்றின் விட்டம் தெரியும், நிமிடத்துக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பார்த்து, அந்த நேரத்தில் உள்ளே வருகிற தண்ணீரையும் கூட்டினால் போதும். அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவிலும் ஒரு முறை உள்வரத்தை அளக்க வேண்டும். ஊரே தூங்கும் நேரத்தில் வருவதில் பெரும்பகுதி நிலத்தடி நீர். அது அதிகமாக இருந்தால் தெருக் குழாய்களில் கேமரா விட்டு, கசிகிற இடங்களுக்கு உள்ளேயே உறை போடலாம், எல்லாத் தெருவையும் தோண்ட வேண்டியதில்லை.

மேன்ஹோல் கம்பி தெரிவது அமிலத்தால். நீண்ட குழாயில் காற்றில்லாமல் கிடந்த கழிவுநீர் வெளியே கொட்டும்போது ஹைட்ரஜன் சல்பைடு பிரிந்து மேலே போகும், ஈரமான கூரையில் இருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும், அது சிமென்டைத் தின்றுவிடும். தண்ணீர் படுகிற அடிப்பக்கம் நன்றாக இருக்கும், மேல்பக்கம்தான் போகும். மேலே லாரி போகிற ரோடு என்றால் அது உள்வாங்குவதற்குள் மாற்றச் சொல்லுங்கள். கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தடுப்பு வைத்துக் கனரக வண்டிகளைத் திருப்பிவிடட்டும்.

ஷிப்ட்காரன்

அக்கா, ஒன்று மட்டும் கூடுதலாக. புதுக் குழாயைப் பழைய குழாயோடு இணைக்கிற நாட்களில் கழிவுநீர் எங்கே போகும் என்று டெண்டரிலேயே இருக்க வேண்டும். எழுதாவிட்டால் பக்கத்து வாய்க்காலில் திறந்துவிடுவார்கள், அந்தத் தண்ணீர் வயலுக்குத்தான் போகும். தற்காலிக டீசல் பம்ப், தற்காலிக லைன், அதற்குத் தனி பில் ஐட்டம் என்று கேளுங்கள். புதுக் குழாயைப் பழையதற்குப் பக்கத்திலேயே தனித் தடத்தில் போட்டால் பழையது கடைசி நாள் வரை ஓடும், இணைப்பு ஒரு ராத்திரி வேலையாக முடிந்துவிடும். தை மாதம் ஆரம்பித்தால் ஐப்பசிக்குள் முடிக்க நேரம் இருக்கிறது. ஓரத்தில் கிடக்கிற மூன்றாவது 50 எச்.பி.யை ஏலத்தில் போடவிடாதீர்கள், அதைப் பிரித்துப் பார்த்து பேரிங்கும் சீலும் மாற்றினால் வேலை நடக்கும்வரை மாற்று பம்பாக நிற்கும்.